ஆழம் பக்கம் திருப்பினால் தண்ணீர்

ஏப்ரல் 4, வியாழன்

வெயில் ஏற ஏறக் கடையில் கூட்டம். கிணறு வற்றினால் மோட்டார் எரியும். எரிந்தால் காங்கேயத்தில் சென்னியப்பன் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஊருக்குக் காய்ச்சல் வந்தால்தான் டாக்டர் வீட்டில் அடுப்பு எரிகிறது. வைண்டிங் கடையில் கம்பி சுற்றிக் கை காய்த்தவன் நான். எது விற்கும் எது விற்காது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மத்தியானம் போர் லாரி புரோக்கர் தங்கவேல் வந்தான். நான் விற்கும் நீர் மீட்டர் ஒன்று கேட்டான். மண்ணில் கம்பி அடித்து, எந்த இடத்தில் போர் போட்டால் தண்ணீர் வரும் என்று பார்க்கிற பெட்டி அது. கோவை கணபதியில் பிரிசில்லா என்கிற பெண் செய்து கொடுக்கிறாள். வெளியே என் கடைப் பெயர்.

"ஏனுங்ணா, ஊர்ல எத்தனையோ பெட்டி இருக்குது. உங்க பெட்டியாட்ட வராதுங். அதுங்கிட்ட இல்லைங்கற பேச்சே கெடையாது."

சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் தங்கை தெய்வாத்தாள் வெள்ளகோவிலிலிருந்து போன் செய்தாள். தென்னை மட்டையெல்லாம் தொங்கிவிட்டதாம். அவள் வீட்டுக்காரர் நல்லசாமி இந்த மாதக் கடைசிக்கு லாரி சொல்லிவிட்டாராம்.

"இதுதான் கடைசிப் போருங்ணா. இதும் பொய்யாப் போனா தோட்டத்தக் குடுத்துட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போறோம்ங்கறாரு. நீங்களே வந்து எடம் பாத்துக் குடுங்க. வேற ஆரையும் நம்பறதுக்கில்லை."

ஞாயிறு வருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

வெள்ளகோவில் போய் வந்தேன். காது இன்னும் சூடாக இருக்கிறது.

வேலை இதுதான். நேர்கோட்டில் நான்கு கம்பி அடிக்க வேண்டும். வெளியே இருக்கும் இரண்டும் மண்ணுக்குள் கரன்ட்டை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி அனுப்பும். உள்ளே இருக்கும் இரண்டும் அங்கே எவ்வளவு வோல்ட் வருகிறது என்று பார்க்கும். பாறை என்றால் பெட்டியில் எண் பெரிதாக வரும். ஈரம் என்றால் சின்னதாக. கம்பிகளை விலக்கி விலக்கி அடித்தால் கரன்ட் ஆழமாக இறங்கும். பெட்டியில் ஒரு திருகு இருக்கிறது. ஒரு பக்கம் 'மேல்', மறுபக்கம் 'ஆழம்'. ஆழத்துக்குத் திருப்பினால் கரன்ட் மெதுவாக மாறும். அப்படி மெதுவாக மாறினால்தான் அடிவரை எட்டும். அந்தத் திருகு நான் கேட்டு வைத்தது. ஆயிரம் அடிக்குப் பார்க்காத பெட்டியை இந்தச் சீமையில் எவன் வாங்குவான்?

மேட்டில் அடித்தோம், பள்ளத்தில் அடித்தோம். எங்கே அடித்தாலும் மேலே காய்ந்த மண், அடியில் தண்ணீர். தெய்வாத்தாள் மோர் கொண்டுவந்தவள் அப்படியே நின்று பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

நல்லசாமி அதிகம் பேச மாட்டார். பேசினால் ஒன்று பேசுவார். "மச்சான், அந்தச் செத்த போருகிட்டயும் ஒருக்கா அடிச்சுப் பாக்கலாமுங்ளா?"

போன வருஷம் போட்டு, புகையைத் தவிர ஒன்றும் வராத போர் அது. அதன் பக்கத்திலும் அடித்தோம். ஆழம் பக்கம் திருப்பினேன். சின்ன எண். தண்ணீர்.

நல்லசாமி ஒரு கல்லை எடுத்துக் குழாய்க்குள் போட்டார். வெகுநேரம் கழித்து, டங்கென்று பாறையில் பட்ட சத்தம்.

"இப்ப நாங் காதக் கேக்கறதுங்ளா, பெட்டியக் கேக்கறதுங்ளா?"

"தண்ணி கொஞ்சம் தள்ளி ஓடுதாட்ட இருக்குது மாப்ள. குழாய் அதத் தொடாமப் போயிருக்கும்" என்றேன்.

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. வியாபாரத்தில் வாய் முந்திக்கொள்ளும்.

ஏப்ரல் 8, திங்கள்

தூக்கம் சரியில்லை. வெயில்தான்.

ஏப்ரல் 10, புதன்

பெட்டியை எடுத்துக்கொண்டு கல் குவாரிக்குப் போனேன். சுற்றிலும் மொட்டைப் பாறை; அடியிலும் பாறைதான், வெட்டிய குழியில் கண்ணால் பார்க்கலாம். வெடிப்புகளில் ஈரக் களிமண்ணை அடைத்துக் கம்பியை ஊன்றினேன். குவாரி மேஸ்திரி பீடியைக் காதில் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

"கல்லுக்குள்ள தண்ணி பாக்கறீங்ளாக்கு?"

"சும்மா ஒரு டெஸ்டுங்க."

"பாருங்க பாருங்க. தேரைக்குக் கெடைக்கறது மனுசனுக்குக் கெடைக்காதா?"

மேல் பக்கம் வைத்தேன். எண் மளமளவென்று ஏறி நின்றது. பாறை. சரி. அதே கம்பி, அதே இடம், ஒன்றையும் அசைக்கவில்லை. ஆழம் பக்கம் திருப்பினேன். பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தண்ணீர்.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "என்ன சொல்லுது?"

"பேட்டரி போச்சுங்க" என்று சொல்லிப் பெட்டியை மூடினேன்.

பேட்டரி புதிது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பியில் குற்றமா, ஒயரில் குற்றமா, பாறைக்கு அடியில் நிஜமாகவே ஆறு ஓடுகிறதா? ஆறு ஓடினால் குவாரிக்காரன் இன்னும் ஏன் ஜல்லி உடைக்கிறான்?

ஏப்ரல் 12, வெள்ளி

கோவை. பிரிசில்லா வீட்டு மாடியில்தான் பட்டறை. இன்ஜினியரிங் காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள், பிரின்சிபாலோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கெட்டிக்காரி. அது அவளுக்கும் தெரியும், அதுதான் சங்கடம்.

"பெட்டில ஒரு தப்பும் இருக்காதுங்ணா. ஒவ்வொண்ணையும் நானே டெஸ்ட் பண்ணித்தான் குடுக்கறேன். உங்க ஊரு மண்ணுதான் கோளாறு."

"பாறை, அம்மிணி. மண்ணே இல்லை."

அவளிடம் ஒரு டப்பா இருக்கிறது. உள்ளே சின்னச் சின்ன ரெசிஸ்டர்களை நிலம் மாதிரி கோத்து வைத்திருக்கிறாள். பொய் மண் என்று பெயர் வைத்திருக்கிறாள். அதில் மாட்டிக் காட்டினாள். எண் சுத்தமாக வந்தது. "பாத்தீங்ளா?" என்று கையை விரித்தாள்.

நான் படித்தவன் இல்லை. ஆனால் தராசு தெரியும். தராசில் சந்தேகம் வந்தால் அதே எடைக்கல்லை இந்தத் தட்டிலும் வைப்போம், அந்தத் தட்டிலும் வைப்போம். திருகைப் பார்த்தேன். மேல் பக்கம் இருந்தது.

"அம்மிணி, அதே பொய் மண்ணு இருக்கட்டும். ஆழத்துக்குத் திருப்புங்க."

"டெஸ்ட் எப்பவும் மேல்லதான் பண்றது. அது போதும்."

"திருப்பித்தான் பாருங்க. டப்பாக்குள்ள என்ன மழையா பெய்யுது?"

திருப்பினாள். எண் இறங்கியது. குவாரியில் இறங்கிய மாதிரியே, பாதிக்கும் கீழே.

 அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கெப்பாசிட்டர்."

எனக்குக் கெப்பாசிட்டர் தெரியும், தினமும் விற்கிறேன். மோட்டாரைக் கிளப்பிவிடும், ஓட வைக்கும். இதில் அதற்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"கம்பிய மண்ணுல அடிச்சாலே அது சின்ன பேட்டரி மாதிரிங்ணா. நாம ஒண்ணுமே அனுப்பாட்டியும் ஒரு வோல்ட் சும்மா நிக்கும். அது நமக்கு வேண்டாம். நாம அனுப்புற கரண்டோட ஆட்டம் மட்டும் உள்ள வரணும். அதுக்குத்தான் வாசல்ல ஒரு கெப்பாசிட்டர். நிக்கறதத் தடுக்கும், ஆடறத விடும்."

"சரி, தடுக்கட்டும். எண்ணு எதுக்குக் கொறையுது?"

"மெதுவா ஆடறது, சின்ன கெப்பாசிட்டருக்கு ஆடற மாதிரியே தெரியாது. நிக்கறவன்னு நெனச்சுப் பாதிய வாசல்லயே நிறுத்திரும். வேகமா ஆடினா இதே சைஸ் போதும். மெதுவா ஆட விடணும்னா பெருசு வேணும்."

உட்கார்ந்து யோசித்தேன். வாசலில் பாதி நின்றுவிட்டால் எண் சிறுக்கும். எண் சிறுத்தால் அதற்கு எங்கள் ஊரில் தண்ணீர் என்று பெயர்.

"திருகு கேட்டது நீங்க" என்றாள்.

"வெச்சது நீங்க" என்றேன்.

"திருகு வைன்னீங்க. பெட்டி பெருசாகக் கூடாதுன்னும் சொன்னீங்க."

"அதுக்குன்னு சொல்ல வேண்டியதச் சொல்லாம உட்டுருவீங்ளா?"

 டீ ஆறிப்போனது. பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். "இந்தத் திருகு வெச்சது எத்தனை பெட்டி போயிருக்குங்ணா?"

"அதப் பாத்துக்கலாம்" என்றேன்.

ஏப்ரல் 13, சனி

பெரியது வேண்டும், அவ்வளவுதானே? பேனல் போர்டு டைமருக்குப் போடுகிற அலுமினிய டப்பிக் கெப்பாசிட்டர் கடையில் கிடந்தது. கட்டைவிரல் பருமன், ஆனால் அளவு பல மடங்கு. பழையதை எடுத்துவிட்டு இதை வைத்து ஈயப் பற்று வைத்தேன். கடைக்குப் பின்னால் காலி இடத்தில் கம்பி அடித்தேன்.

முதலில் சரியாக இருந்தது. பிறகு எண் தானாக ஊர்ந்தது, யாரோ உள்ளே உட்கார்ந்து நகர்த்துகிற மாதிரி. ஒயரைச் சரியாக மாட்டவில்லையோ என்று சிவப்பையும் கறுப்பையும் மாற்றிச் செருகினேன். வேறு எண்! மறுபடி மாற்றினேன். பழைய எண். முன்னும் பின்னும் ஓடுகிற கரன்ட்டுக்குச் சிவப்பு எது, கறுப்பு எது?

பிரிசில்லாவுக்குப் போன் செய்தேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"அதுக்கு பிளஸ் மைனஸ் உண்டுங்ணா. மண்ணுக்கு உண்டா? எந்தக் கம்பி பிளஸ்னு மண்ணுக்கே தெரியாது. மாத்தி விழுந்தா அது ஒழுகும். நிறுத்தி வைக்க வேண்டியதையே உள்ள விட்டுட்டு நிக்கும்."

"பீங்கான்ல பொடிசா ஒண்ணு வருதே, அது?"

"அது மேல எழுதியிருக்கற அளவு ஒண்ணு, வோல்ட் ஏறினா வேலை செய்யற அளவு இன்னொண்ணு. போதாததுக்குத் தட்டினாக் கத்தும். பக்கத்துல டிராக்டர் போனா அதையும் சிக்னல்னு சொல்லும்."

"இப்படியே போனா எதத்தான் போடறது?"

"பிளாஸ்டிக் பிலிம் சுத்தின கெப்பாசிட்டர். பிளஸ் மைனஸ் இல்லாதது, ஒழுகாதது. ஆனா அத்தனை பெரிய அளவுல பிலிம்னா சொம்பு சைஸுக்கு இருக்கும். உங்க பெட்டி மூடாது."

நேற்று பெட்டிக்குள் ஒரே குற்றம் இருந்தது. இன்றைக்கு எத்தனை என்று தெரியவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. கடை லீவு. விற்ற பெட்டி ஒன்றைப் பார்க்க முத்தூர் வரை போய் வந்தேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. பிலிம் கெப்பாசிட்டர் எங்கே கிடைக்கும் என்று கோவைக்கும் சென்னைக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே அலமாரியில் வரிசையாக நிற்கிறது. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடுகிற வரைக்கும் கூடவே ஓடுகிற வெள்ளை டப்பா. பிரிசில்லாவிடம் அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன்.

"அதேதாங்ணா! அது பிலிம்தான். இத்தனை நாளா அத வித்துட்டிருக்கீங்க, என்கிட்டக் கேக்கறீங்க."

"நீங்க மட்டும் கேட்டீங்ளாக்கு?"

பெட்டிக்குள் அது போகவில்லை. வெளியே வைத்துக் கயிற்றால் கட்டினேன். பார்க்க, பெட்டி முதுகில் குழந்தையைச் சுமக்கிற மாதிரி இருந்தது. ஒயரை மாற்றிச் செருகினால் அதே எண். மேல் பக்கம், ஆழம் பக்கம், ஒரே எண்.

ஒரு சங்கடம். கம்பியை இடம் மாற்றினால் உடனே படிக்க முடியாது. அந்தப் புதுக் கம்பிகளுக்கு நடுவில் நிற்கிற வோல்ட்டைத் தனக்குள் வாங்கி நிரப்பிக்கொள்ள அந்தப் பெரிய டப்பாவுக்கு நேரம் வேண்டும். அதுவரை எண் மேலும் கீழும் அலையும். அவசரப்பட்டுப் படித்தால் அதுவும் பொய்தான். பால் பொங்கக் காத்திருப்பது போலக் காத்து நிற்க வேண்டும். சின்னதைப் போட்டால் சீக்கிரம் பொய் சொல்கிறது, பெரியதைப் போட்டால் நிஜம் சொல்ல நிற்க வைக்கிறது.

குவாரிக்குப் போனேன். மேஸ்திரி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு என்னோடு காத்திருந்தார். ஆழம் பக்கத்திலும் எண் பெரிதாகவே வந்து உட்கார்ந்தது. பாறை.

"தேரை செத்துப்போச்சுங்ளாக்கு?" என்றார்.

ஏப்ரல் 17, புதன்

முத்தூரிலும் சிவகிரிப் பக்கமும் வேலை. கடையை மனைவி பார்த்துக்கொண்டாள். என்ன வேலை என்று கேட்டாள். சும்மா என்றேன். அலமாரியில் வெள்ளை டப்பாக்கள் குறைந்திருக்கின்றனவே என்றாள். விற்றது என்றேன்.

ஏப்ரல் 20, சனி

நேற்றே தோட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். இன்றைக்குத்தான் போனேன்.

பழைய இடத்திலெல்லாம் மறுபடி அடித்தோம். ஒவ்வொரு இடத்திலும் காத்து நின்றோம். நல்லசாமி ஒருபுறம், நான் ஒருபுறம், நடுவில் முதுகில் டப்பா கட்டிய பெட்டி. மேட்டில் பாறை. பள்ளத்தில் பாறை. செத்த போர் பக்கத்தில் பாறை. கிழக்கு வேலியோரம் பாறை. ஒவ்வொரு முறையும் எண் அலைந்து அலைந்து கடைசியில் பெரிதாக வந்து உட்கார்ந்தபோது, கொஞ்சம் இறங்கேன் என்று நானே மனசுக்குள் கெஞ்சினேன். விற்கிறவன் தராசைக் கெஞ்சுவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

"மாப்ள, இங்க தண்ணி இல்லைங்க."

"அன்னைக்கு இருந்துதுங்ளே."

"அன்னைக்குப் பெட்டி தப்புங்க. உள்ள ஒரு கெப்பாசிட்டர் சின்னதாப் போச்சு. பாதிய முழுங்கிருச்சு."

 அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அந்தச் சின்னதையே திருப்பிப் போட்டுருங்க மச்சான்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குரல் அப்படி இருந்தது.

"போட்டாத் தண்ணி வந்துருமுங்ளா?"

"வராட்டிப் போகுது. இருக்குதுன்னு ஒருத்தராச்சும் சொன்னாப் போதும். லாரிக்காரனுக்குச் சொல்லியாச்சு, ஊருக்குச் சொல்லியாச்சு. இப்பப் போயி இல்லைன்னா நான் என்ன பண்றது? மரத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறதா?"

 தெய்வாத்தாள் கம்பியைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, ஒவ்வொன்றாகக் கட்டி என் வண்டியில் வைத்தாள். சாப்பிட்டுப் போகச் சொன்னாள். நல்லசாமி வீட்டுக்குள் வரவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

விடிந்ததும் தெய்வாத்தாள் போன். லாரி வந்து நிற்கிறதாம், உடனே வரச் சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது லாரி தோட்டத்து வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. நல்லசாமி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வாசலை மறித்து நின்ற தெய்வாத்தாளிடம் தங்கவேல் பேசிக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஆம்பளைக சொன்ன வேலை. வழிய உடுங்க."

"அந்த ஆம்பள அங்க உக்காந்திருக்கறாரு. போடுன்னு இப்பச் சொல்லட்டும், உடறேன்."

நல்லசாமி சொல்லவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை.

தங்கவேல் என்னைப் பார்த்ததும் திரும்பினான். "ஏனுங்ணா, நல்லா இருந்த பெட்டியக் கெடுத்தது நீங்கதானாமா? முத்தூர்ல நீங்க மாத்துன பெட்டி ஒரு எடத்துலயும் தண்ணி காட்ட மாட்டீங்குதாம். உங்களுக்கு வேற பொழப்பே இல்லீங்ளா?"

"இல்லாததக் காட்டலைடா. நல்லதுதானே?"

"எது நல்லதுங்? இல்லைங்கறதுக்குப் பெட்டி எதுக்குங்? அதத்தான் வானமே சொல்லுதே."

ஊர்க்காரர்கள் சிரித்தார்கள்.  தெய்வாத்தாள் வாசலை விட்டு நகரவில்லை. லாரி பின்னால் எடுத்துத் திரும்பியது. அடுத்த தோட்டத்து ஈஸ்வரமூர்த்தி, நல்லசாமிக்குப் பங்காளி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். தங்கவேல் அவரிடம் போய் ஏதோ பேசினான். லாரி அங்கே போயிற்று.

ஏப்ரல் 27, சனி

ஈஸ்வரமூர்த்தி தோட்டத்தில் தண்ணீர்.

ஏப்ரல் 29, திங்கள்

போய்ப் பார்த்தேன். பொய் இல்லை. வெள்ளைச் சேறு வாய்க்கால் முழுக்க ஓடியிருந்தது. குழாயில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. தெய்வாத்தாள் வேலிக்கு நாலு எட்டுத் தள்ளி.

"வாங்கோ சென்னியப்பண்ணா" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "மோந்து குடியுங்க. உங்க பெட்டி பாக்காத தண்ணி."

பிரிசில்லாவுக்குப் போன் செய்தேன். திட்டலாம் என்றுதான் செய்தேன்.

"மீட்டர் சரிதாங்ணா. பாறைல எங்கயோ நூலாட்ட ஒரு வெடிப்பு இருந்திருக்கும், போர் அதுல போய் விழுந்திருக்கும். அத்தனை சின்னது மேல இருந்து தெரியாது."

"அப்பறம் எதுக்கு இந்தக் கருமம்?"

"இல்லாததத் தண்ணின்னு சொல்லாம இருக்கறதுக்கு. அவ்வளவுதாங்ணா அதால முடியும்."

பொய் சொன்ன பெட்டியைக் கேட்டு என் தங்கை போட்டிருந்தால் ஒருவேளை தண்ணீர் வந்திருக்குமோ? நிஜம் சொன்ன பெட்டியால் வராமல் போனதோ? போடாத போரில் தண்ணீர் உண்டா இல்லையா என்று யார் சொல்ல முடியும்? வரவு செலவு என்றால் முடித்துவிடுவேன். இது எந்தப் பக்கம் எழுத வேண்டியது என்றே தெரியவில்லை.

மே 2, வியாழன்

முத்தூரில் என் பெட்டியை வாங்கியிருந்த ஏஜென்ட் கடைக்கு வந்து பெட்டியைக் கல்லா மேல் வைத்தான். "இதுல என்ன மாத்துனீங்களோ அதப் பழையபடி மாத்திக் குடுங்க" என்றான். நாலு பேர் எதிரில் சத்தம். முடியாது என்றேன். எடுத்துக்கொண்டு போகவும் மாட்டேன் என்றான். சரி, வைத்துவிட்டுப் போ என்றேன்.

மத்தியானத்துக்கு மேல் சென்னிமலைப் பக்கம் ஒரு வேலை. விற்ற பெட்டிகளில் இனி ஒன்றுதான் பாக்கி.

மே 5, ஞாயிறு

தெய்வாத்தாள் கூப்பிட்டாள். பெட்டியோடு வரச் சொன்னாள்.

வேலியோரம் அடித்தோம், ஈஸ்வரமூர்த்தியின் போருக்கு நேர் எதிரே. நல்லசாமி சம்மட்டியை எடுத்துக் கம்பி அடித்துக் கொடுத்தார். என்னோடு ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம். பெட்டியில் எண் அலைந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் வெயிலில் நின்றோம். தெய்வாத்தாள் முந்தானையால் பெட்டிக்கு நிழல் பிடித்தாள். பெட்டிக்கு நிழல் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

எண் வந்து உட்கார்ந்தது. பாறை.

"நாம செஞ்சது செரிங்ளாண்ணா?"

இத்தனை வருஷத்தில் எந்த வாடிக்கைக்காரர் கேட்டாலும் எனக்குப் பதில் இல்லாமல் போனதில்லை. "தெரியல சாமி" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் போதும் போல இருந்தது. பிறகு நல்லசாமியைப் பார்த்து, "தென்னமரத்த எடுத்துரலாமுங்க" என்றாள். "கொழுக்கட்டைப் புல்லு வெதச்சுட்டா மழை பேஞ்சா வருது, பேயாட்டிக் கெடக்குது. நாலு எருமையக் கட்டலாம். தோட்டம்னு இல்லாம மானாவாரிக் காடுன்னு இருந்துட்டுப் போகட்டும். வித்தாத்தான் போச்சு."

நல்லசாமி சம்மட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். திருப்பூர் என்று மட்டும் சொல்லவில்லை.

மே 9, வியாழன்

கடைசிப் பெட்டியின் வேலையும் முடிந்தது. வேலை என்றால் இன்னது என்று எழுத ஒன்றும் இல்லை. பெட்டியை நம்பிப் போர் போட்ட அந்த வீட்டில் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் அவர்களிடம் இல்லை.

மே 19, ஞாயிறு

மரம் வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். யாரும் கூப்பிடவில்லை, போனேன்.

அடியில் ரம்பம் ஓடும்போது, உச்சியில் கட்டிய வடத்தை ஆட்கள் ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் மரம் வீட்டின் மேல் சாய்ந்தாலும் சாயும். ஆள் குறைவுதான். எருமைக்குப் போட்ட புதுக் கொட்டகை ஓரத்தில் நான் நின்றேன். நல்லசாமி பார்த்தார், பார்க்காத மாதிரி வேலையைப் பார்த்தார். வீட்டுக்குள் தெய்வாத்தாள் மாவு ஆட்டுகிற கிரைண்டர் சத்தம்.

பக்கத்துத் தோட்டத்தில் ஈஸ்வரமூர்த்தியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. வடம் பிடிக்கிறவர்கள்கூட அடிக்கடி அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

மூன்றாவது மரத்துக்கு வடம் கட்டும்போது அந்தச் சத்தம் மாறியது. தண்ணீர் விழுவது நின்று, குழாய் துப்பியது. காற்றும் தண்ணீருமாக, இருமுகிற மாதிரி. கொஞ்சம் விழுந்தது, மறுபடி துப்பியது. பிறகு வெறும் காற்று. மோட்டார் கொஞ்ச நேரம் மெலிசாக ஓடி நின்றது. கரன்ட் போனால் இப்படி நிற்காது. ஒரே வெட்டாக நிற்கும்.

ரம்பக்காரன் ரம்பத்தை அணைத்தான். எல்லோரும் வேலியைப் பார்த்தார்கள்.  வேலிக்கு அந்தப் பக்கம் ஈஸ்வரமூர்த்தி குழாயடியில் போய்க் குனிந்து நிற்பது தெரிந்தது.

நல்லசாமி என் பக்கம் வந்தார். "கரண்டு போச்சாட்ட இருக்குதுங் மச்சான்" என்றார்.

வீட்டுக்குள் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. தெய்வாத்தாள் மாவுக் கையோடு வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க மாப்ள. கரண்டுதான்" என்றேன்.

அவர் வடத்தின் நுனியை என் கையில் கொடுத்தார்.

"புடிங்க. நாஞ் சொல்றப்ப இழுங்க."

பிடித்தேன்.